என்ஜின் போனால் வண்டியே போனதா?

பழைய டாடா 407-இல் என்ஜின் சீஸ் ஆனால் காயலான் கடைக்குத் தள்ளு, வீட்டில் மாற்றுவது பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள் சிலர். ஒப்புக்கொள்ள முடியாது. சேஸிஸ் துருவேறவில்லை, கியர் பாக்ஸில் சத்தமில்லை என்றால் எதற்கு எடைக்குப் போட வேண்டும்? எடை தாங்கும் இரும்பு முக்காலி, செயின் பிளாக், விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தால் வாசலிலேயே இறக்கலாம். தொங்கும் என்ஜினுக்கு அடியில் மட்டும் யாரும் போகக் கூடாது.

பழையது ஏன் செத்தது என்று பார்க்காமல், சேறடைத்த ரேடியேட்டரையே திரும்ப மாட்டினால் புதிதாக வந்த என்ஜினும் வெந்துபோகும். அது பட்டறையில் செய்தாலும் அப்படித்தான். கிளட்ச் தட்டையும் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று மறுபடி கியர் பாக்ஸை இறக்க நேரும்.

சட்டமும் தடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து, ஆர்.சி.யில் புது என்ஜின் எண்ணை ஏற்றலாம். வண்டிக் கடன் அடைத்து இப்போதுதான் நாலு காசு பார்ப்பவரை, வேறு வண்டி வாங்கச் சொல்லி மறுபடி தவணைக்குள் தள்ளாதீர்கள்.