அரிய நோய் என்னும் சாக்கு

தோலில் தோன்றும் லிம்போமா ஏன் தாமதமாகக் கண்டறியப்படுகிறது என்று கேட்டால், 'அது பல வேடம் போடும் அரிய நோய்' என்பதே மருத்துவக் கல்விப்புலம் தரும் வழக்கமான விடை. இவ்விடை பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றிப் பேசாமலிருக்கவே இது பெரிதும் பயன்படுகிறது.

உண்மையான பாதி இது. தோல் லிம்போமாக்களில் மிகுதியாகக் காணப்படுவது மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் 1806இல் விவரித்த நோய். கட்டிகள் காளானை ஒத்திருந்ததால் இப்பெயர் வந்தது. பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொடக்கத்தில் இது படைபோன்ற தட்டையான திட்டுதான். நுண்ணோக்கியிலும் எளிய அழற்சியாகவே தோன்றக்கூடும். பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், முதல் அறிகுறிக்கும் நோயறிதலுக்கும் இடைப்பட்ட காலம் பாதிப் பேருக்கு 36 மாதங்களுக்கும் மேல்.

மீதிப் பாதி மனிதர் செய்வது. பாடநூற் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அவை தேடச் சொல்வது சிவந்த திட்டை. கருநிறத் தோலில் அச்சிவப்பு எளிதில் புலப்படாது. இளையோரிடம் இந்நோய் வெளிறிய திட்டாகவே பலமுறை வருகிறது. அது தேமலாக, வெண்புள்ளியாக, தொழுநோயாகப் படிக்கப்படுகிறது. உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் உள்ள நாட்டில் அந்த ஐயம் எழுவது நியாயமே. உணர்ச்சி குன்றாமல், நரம்பு தடிக்காமல், மருந்துக்கும் மசியாமல் திட்டு நீடிக்கும்போதும் அதே ஐயத்தில் நிற்பதுதான் நியாயமன்று.

அடுத்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டின்றி விற்பதற்கு 2018இல் நடுவண் அரசு தடை விதித்தது. ஆயினும் கடைகளில் அவை கேட்டவுடன் கிடைக்கின்றன. களிம்பு திட்டைச் சில நாள் மங்கச் செய்கிறது. திசுவில் தெரிய வேண்டிய அணுக்களையும் குறைத்துவிடுகிறது. அந்நிலையில் எடுத்த ஒரே பயாப்ஸி 'குறிப்பிடத்தக்க மாற்றமில்லை' என்று திரும்பினால் கோப்பு மூடப்படுகிறது. நோய்க்கூறியலாளருக்குச் செல்லும் சீட்டிலோ 'படை?' என்ற ஒற்றைச் சொல்.

மரபணுச் சோதனையும் தனிச் சாயச் சோதனைகளும் மாவட்ட மருத்துவமனையில் இல்லையே என்பர். உண்மைதான். ஆனால் களிம்பைச் சில வாரங்கள் நிறுத்துவதற்கும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திசு எடுப்பதற்கும், முழு வரலாற்றை எழுதி அனுப்புவதற்கும், ஐயம் நீடித்தால் மறுபடி எடுப்பதற்கும் எந்த விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. எல்லாப் படையையும் வெட்டிப் பார்க்கவும் எவரும் சொல்லவில்லை. இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையிலும், வெயில் படாத இடங்களில், ஆண்டுக்கணக்கில் ஆறாதவற்றைப் பார்த்தால் போதும்.

தோலின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பில் திட்டாக மட்டும் இருக்கையில் கண்டறியப்பட்டவர் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழ்கிறார். கட்டி நிலையில் வருபவருக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. களிம்பிலும் தவறான பெயர்களிலும் கரைவது இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலமே. இந்தியத் தோலின் படங்கள் பாடத்திலும் தேர்விலும் இடம்பெறும்வரை, 'அரிய நோய்' என்னும் விடையைக் கல்விப்புலம் தன் தற்காப்பாகச் சொல்லும் உரிமை பெறாது.