கொறங்காடு சொல்லும் கணக்கு

"இலாபம் வேண்டுமா, இயற்கை வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றைப் பலியிட்டால்தான் மற்றொன்று பிழைக்குமாம்! ஏடு படித்தோர் எழுப்பும் இந்தக் கேள்விக்கு, ஏட்டையே காணாத நம் பாட்டன் என்றோ விடை எழுதி வைத்தான். அந்த விடைக்குப் பெயர் கொறங்காடு.

தோழர்களே! காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் அதனைக் காணலாம். வானம் வஞ்சிக்கும் வறண்ட பூமி. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அங்கே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்தான். இடையிடையே வெள்வேல் மரங்களை நிறுத்தினான். சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டான். புல் மாட்டுக்கு, வேலங்காய் ஆட்டுக்கு, நிழல் இரண்டுக்கும், சாணமும் புழுக்கையும் மண்ணுக்கு! ஒரு காட்டில் மேயவிட்டு, மறு காட்டுக்கு ஓய்வு கொடுத்தான்.

பண்ணையைக் கவிழ்ப்பது எது? தீவனச் செலவு! பாலுக்கு ஒருவன் விலை வைக்கிறான். புண்ணாக்குக்கு மற்றொருவன் விலை வைக்கிறான். இடையில் நின்று கை பிசைகிறான் மாடு வளர்ப்பவன். கொறங்காட்டுக்காரனுக்கோ, மழை பெய்தால் தீவனத்தின் பெரும்பகுதி காலடியில் முளைக்கிறது. கன்றும் கிடாயும் விற்ற காசு கையில் தங்குகிறது.

"மாடு மீத்தேனை வெளியிடுகிறதே, உலகைச் சூடேற்றுகிறதே!" என்பார்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆகவேதான் சொல்கிறோம், நிலம் தாங்கும் அளவுக்கே மந்தை வேண்டும். தாங்காத அளவுக்குப் பெருக்கினால் புல்லும் போகும், பொருளும் போகும்.

காங்கேயம் மாடு கறவையில் கலப்பினப் பசுவுக்கு ஈடாகாது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. அது உழைப்புக்கென வந்த இனம். டிராக்டர் வந்தது; காளைக்கு வேலை போயிற்று. காளை குறைய, மேய்ச்சல் காடு வீட்டுமனையாகக் கூறுபோடப்படுகிறது.

2017-ல் மெரினாவில் திரண்டோம். காளையைக் காத்தோம் என்று மார்தட்டினோம். காளையைக் காத்தவர்களே, காளை மேயும் காட்டைக் காத்தோமா? வாடிவாசல் திறந்திருக்கிறது, மேய்ச்சல் காட்டின் வாசல் மூடப்படுகிறதே!

எனவே, கொங்கு நாட்டுத் தோழர்களே! மேடையில் முழங்கியது போதும். கண்ணபுரம் சந்தைக்குச் செல்லுங்கள், உழவரிடம் கேளுங்கள், இடைத்தரகர் பறிப்பது எவ்வளவு என்று கணக்கெடுங்கள். மேய்ச்சல் நிலத்தை மனையாக்காதே என்றும், அதனைக் காத்து நிற்கும் உழவனுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்றும் ஊராட்சிதோறும் தீர்மானம் கேளுங்கள். புல் அழிந்த பிறகு காளைக்குச் சிலை வைப்பதால் பயனில்லை!