துரை தகப்பன் அல்ல

"தோட்டம் ஒரு குடும்பம், துரை அதன் தகப்பன்" என்ற நம்பிக்கை பதுளை முதல் அப்புத்தளை வரை இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. சம்பள உயர்வு பேச்சுக்கு வரும்போதெல்லாம் அது தலைதூக்குகிறது. அந்தக் காலத்துத் துரைமார், அதாவது தோட்ட நிர்வாகிகள், தொழிலாளரைப் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டார்களாம். அந்தப் பாசம் போனதுதான் இன்றைய கேட்டுக்கெல்லாம் காரணமாம். இது பொய். ஆளுகிறவனைத் தகப்பனாக்கிவிட்டால் அவனிடம் கணக்குக் கேட்பது பிள்ளைக்குரிய குணம் ஆகாது என்று சொல்லிவிடலாம். இந்தப் பேச்சின் பயன் அதுவே.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. பெற்றோரிடம் பிள்ளை காட்டும் பணிவை நல்லாட்சியின் வேராகக் கண்டவர் சீனத்துக் கன்பூசியஸ் (கி.மு. 551-479). ஆனால் அவர் ஆள்பவனுக்கும் கடமை விதித்தார். அவர் வழிவந்த மென்சியஸ், அறம் கெட்ட மன்னன் மன்னனே அல்ல, அவனைக் கொன்றது அரசக் கொலையாகாது என்று வாதாடினார். பேரரசுகளோ இந்தச் சிந்தனையில் பணிவை எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவிட்டன. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் அரசு கடும் தண்டனையை மட்டும் நம்பியது; பதினைந்து ஆண்டில் சரிந்தது. அடுத்து வந்த ஹான் வம்சம் அந்தத் தண்டனைகளில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டே அவற்றுக்கு மேல் கன்பூசியத்தைப் போர்த்தியது. பேரரசர் வூ கி.மு. 124இல் கன்பூசிய நூல்களைப் பயிற்றும் கல்விக்கூடம் நிறுவினார். உப்பையும் இரும்பையும் அரசின் தனியுரிமையாக்கியதும் அவரே. கி.மு. 81இல் கன்பூசிய அறிஞர்கள் அவையிலேயே அதை எதிர்த்து வாதாடியும் உப்பும் இரும்பும் பெரும்பாலும் அரசின் கையிலேயே இருந்தன: பணிவைக் கற்பிக்கக் கன்பூசியம் வேண்டும், கடமையைக் கேட்க வேண்டாம். கி.பி. 653இன் தாங் சட்டத் தொகுப்பில், பெற்றோர்மீது முறையிடும் பிள்ளைக்குக் கழுத்தை நெரித்து மரண தண்டனை. தகப்பன்மீது வழக்கில்லை என்பதே அதன் பொருள்.

இலங்கைத் தோட்டங்களிலும் உறவின் பேரில் கட்டிப்போடும் அதே முறை நடந்தது. பெரிய கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி அழைத்துவந்தார். வரும்போதே அவர்கள் தலையில் முற்பணக் கடன் ஏறியிருந்தது. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன் எழுதிய துண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் தொழிலாளியைத் தொடர்ந்தது. அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுப்போவதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. வீட்டை விட்டுப்போன பிள்ளையைச் சிறையில் தள்ளும் தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான்?

தகப்பன் கதையை உடைக்க ஒரு சான்று போதும்: பதுளை வெவெஸ்ஸ தோட்டம், 1940 மே. லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் ஊவாவில் பரவிய வேலைநிறுத்தக் காலம் அது. வெவெஸ்ஸ தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கலந்தே நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தார்கள். பிறகு பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாகத் துண்டித்துப்போட, பொலிஸ் அடக்குமுறை போராட்டத்தை நொறுக்கியது.

அன்று துரையைப் பேச்சுக்கு இறக்கியது பாசம் அல்ல, வெவெஸ்ஸ சபை. துரைக்கு எதிரே நின்று பேசியவர்கள் பிள்ளைகள் அல்ல, வெவெஸ்ஸவின் வாக்காளர்கள். அந்தக் காலத்துத் துரைமார் பொன்னானவர்கள் என்போர், அப்படியானால் வெவெஸ்ஸவுக்குப் பொலிஸ் ஏன் துப்பாக்கியோடு வந்தது என்று சொல்லட்டும்.

குடும்பம் என்ற பேச்சு வேறு அநியாயங்களையும் மூடியது. ஒரே மலையில் ஒரே வேலை செய்த பெண்ணுக்கு 1984 வரை ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டமக்கள் பல லட்சம் பேரை நாடற்றவராக்கியபோது அவர்களைக் காக்க எந்தத் தகப்பனும் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களைப் புதைத்தது. அபாயம் குறித்து முன்பே எச்சரிக்கை வந்திருந்தும் மக்கள் லயத்திலேயே விடப்பட்டிருந்தார்கள். தகப்பன் பொறுப்பேற்கும் வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பான கூரை முதலில் வரும்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தகப்பனின் பெயர் மாறியது, பேச்சு மாறவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது சம்பளச் சபையின் முடிவு வர்த்தமானியில் வெளிவந்ததால். கம்பனிகள் அதையும் எதிர்த்து நீதிமன்றம் ஏறின. தொழிலாளிக்குக் கிடைத்த ஒவ்வொன்றும் சட்டத்தாலும் சங்கத்தாலும் வந்தது. துரை சம்பளம் வாங்கும் நிர்வாகி, தொழிலாளி சம்பளத்துக்கு உழைக்கும் குடிமகன். இருவருக்கும் நடுவே உறவுமுறை இல்லை, ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்க வேண்டும்.