வானத்திலும் சாலை விதி உண்டு

பாயான் லெப்பாஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமான இரைச்சல் புதிதல்ல. பேசிக்கொண்டிருப்பவர்கள் விமானம் கடந்து போகும்வரை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கொஞ்சம் அண்ணாந்து கவனித்தால், அந்தப் பெரிய விமானங்களுக்கு நடுவே தும்பியைப் போல ஒரு சிறு விமானமும் சில நாள்களில் போவதைக் காணலாம். இரண்டு பேரோ நான்கு பேரோ மட்டும் உட்காரக்கூடியது. "யானையும் எறும்பும் ஒரே பாதையில் போகலாமா?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

பினாங்கு வானத்தில் இந்தக் கூட்டுக் குடித்தனம் பழையது. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-இல் திறக்கப்பட்டது. சிறு விமானம் ஓட்டுவோரின் சங்கமும் அந்த 1930-களிலேயே இங்கு இருந்தது. இன்று பயணிகள் விமானங்களுக்கும், தொழிற்பேட்டைச் சரக்குகளை ஏற்றும் விமானங்களுக்கும் இருப்பது ஒரே ஓடுபாதை. நீளம் 3,352 மீட்டர். கடலுக்கு அக்கரையில், இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். ஆக, வானம் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு விசாலமானதல்ல.

தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெருஞ்சாலைக்கு வருகிறவர் என்ன செய்கிறார்? சந்தியில் நின்று இரு பக்கமும் பார்க்கிறார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போன பிறகே சாலையில் ஏறுகிறார். ஆகாயத்திலும் பல காலம் இதுவே முக்கிய விதியாக இருந்தது: கண்ணால் பார், விலகிப் போ.

ஆனால் வேகத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானங்களுக்கு உச்ச வேகம் மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர். சிறு விமானம் மணிக்கு 220 கிலோமீட்டர் போகும். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் ஒவ்வொரு நொடியும் 190 மீட்டர் நெருங்கும். மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒருவரையொருவர் கண்டாலும் இடையில் இருப்பது 16 நொடி. கண் கண்டு, மூளை உணர்ந்து, கை திருப்பி, விமானம் விலகுவதற்குச் சுமார் 12 நொடி வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. மிச்சம் மூன்று நான்கு நொடிதான். புகைமூட்டம் கவிந்த நாளில் அதுவும் இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1978 செப்டம்பர் 25-ஆம் தேதி அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தெளிவான காலை நேரம். ஒரு போயிங் 727 இறங்க வந்துகொண்டிருந்தது. அதே பக்கம் செஸ்னா சிறு விமானம் ஒன்று பயிற்சியில் இருந்தது. கட்டுப்பாட்டு அதிகாரி எச்சரித்தார். போயிங் விமானிகள் செஸ்னாவைப் பார்த்தும் விட்டார்கள். சற்று நேரத்தில் அது கண்ணிலிருந்து மறைந்தது. "பின்னால் போயிருக்கும்" என்று எண்ணிக்கொண்டார்கள். அதுவோ அவர்களுக்கு முன்னால், கீழே போய்க்கொண்டிருந்தது. சொல்லப்பட்ட திசையிலிருந்து அதுவும் மாறியிருந்தது. விளைவு, 144 உயிர்கள் போயின. அவர்களில் ஏழு பேர் விமானமே ஏறாதவர்கள், தரையில் இருந்தவர்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1986 ஆகஸ்டு 31, ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சலஸ் நோக்கி இறங்கிய மெக்சிகோ நாட்டு டி.சி.-9 விமானமும் ஒரு பைப்பர் சிறு விமானமும் மோதி, செரிட்டோஸ் என்ற ஊரில் விழுந்தன. மாண்டவர் 82 பேர். அவர்களில் 15 பேர் தரையில் இருந்தவர்கள். அனுமதி பெற வேண்டிய வான்வெளிக்குள் அந்தச் சிறு விமானம் அனுமதி இல்லாமல் நுழைந்திருந்தது. எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று ராடாருக்குச் சொல்லும் கருவியும் அதில் இல்லை.

இதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்கும் சிறு விமானம் தன் இருப்பையும் உயரத்தையும் அறிவிக்கும் 'டிரான்ஸ்பாண்டர்' வைத்திருக்க வேண்டும் என்றானது. பயணிகள் விமானங்களில் 'டிகாஸ்' என்ற கருவி வந்தது. இன்னொரு விமானம் நெருங்கினால் "ஏறு", "இறங்கு" என்று அதுவே விமானிக்குக் குரல் கொடுக்கும். அமெரிக்கா 1993 முடிவுக்குள் இதைக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகளும் பின்பற்றின. ஆனால் ஒன்று: சிறிய விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் பேசினால்தான் பெரிய விமானத்தின் டிகாஸுக்குக் காது கேட்கும்.

மோதாவிட்டாலும் சிறியதற்கு ஆபத்து உண்டு. லாரி உரசாமல் கடந்தாலே மோட்டார் சைக்கிள் ஆடுகிறதல்லவா? பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து எழும் சுழல்காற்று, பின்னால் வரும் சிறு விமானத்தைப் புரட்டிவிடக்கூடும். அதனால்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம் சிறியதைக் காக்க வைக்கிறது. அது அவமதிப்பல்ல, பாதுகாப்பு.

நம் நாட்டிலும் இது தூரத்துச் செய்தியல்ல. சுபாங்கில் சிறு விமானங்கள் பறக்கும் இடத்திற்கே 2024 ஆகஸ்டு முதல் பயணிகள் ஜெட் விமானங்களும் திரும்பின. 2023 ஆகஸ்டில் சுபாங்கில் இறங்கவிருந்த தனியார் ஜெட் ஒன்று எல்மினாவில் விழுந்தபோது, மாண்ட 10 பேரில் இருவர் சாலையில் சென்றவர்கள். 2024 பிப்ரவரியில் சுபாங்கிலிருந்து கிளம்பிய சிறு விமானம் காப்பாரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் மாண்டனர். இவை மோதல்கள் அல்ல. ஆனாலும் மேலே நடப்பது கீழே உள்ளவர்களையும் சேர்ந்தது என்பதை இவை சொல்கின்றன.

நாம் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? இப்போது வீட்டுப் பிள்ளைகள் கையிலேயே ஒரு பறக்கும் பொருள் இருக்கிறது: டிரோன். விமான நிலையத்தை ஒட்டிய வான்வெளியிலோ, 400 அடிக்கு மேலோ அதைப் பறக்கவிட மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். கடைகளில் வாங்கும் டிரோன்களில் டிரான்ஸ்பாண்டர் இருப்பதில்லை. விமானியின் கண்ணுக்கும் எளிதில் தெரியாது. காற்றாடியும் அப்படியே. ஆகையால் ஓடுபாதைப் பக்கம் வேண்டாம், திறந்த திடலுக்குப் போ என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தில், விடுமுறைக்கு வீடு திரும்பும் உங்கள் மகளே இருக்கலாம்.