உந்துதல் இருக்கட்டும், கூலி என்ன?

கலை செய்கிற பெண்ணிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து கிடைக்கிறது?" நான் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள் என்று தெரிந்துவிட்டால் பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். மலை, சுருளி அருவி, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், திராட்சைப் பந்தல். பாரதிராஜாவும் இளையராஜாவும் பிறந்த மண் அல்லவா என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள். அல்லிநகரமும் பண்ணைப்புரமும் எனக்கும் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் அந்தப் படங்களில் வெள்ளை உடையில் ஓடி வந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளைப் பார்த்து வேறு யாரோ பாடினார்கள். உந்துதல் என்ற சொல்லில் நமக்குக் கொடுக்கப்பட்ட வேடம் அதுதான். அதே சொல்லைத் திருப்பி என்னிடமே கேள்வியாக நீட்டும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் வேலை செய்யும் இடம் போடிநாயக்கனூரில் ஒரு தகரக் கொட்டகையின் பாதி. மறுபாதியில் இலவங்காய் உடைக்கிறார்கள். ஓவிய டீச்சராக வாங்கும் சம்பளத்தில் வாடகை போகிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஏழு மணி வரைக்கும் கொட்டகை, அப்புறம் சின்னமனூர் பஸ். என் ஸ்டூடியோ நேரத்தைத் தீர்மானிப்பது மனநிலை அல்ல, பஸ்.

இலவம்பஞ்சை நூலாக்க முடியாது. இழை குட்டை, வழுக்கும், முறுக்கினால் பிடிக்காது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது, சாயமும் ஏறாது. அதனால்தான் அது மெத்தைக்கும் தலையணைக்கும் போகிறது. நூலாகாத ஒன்றை நிற்க வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் சில வருடங்களாக என் வேலை. சலவைச் சோடாவில் வேகவைத்தேன். மெழுகு போனது, பஞ்சின் துள்ளலும் போனது. அரிசிக் கஞ்சியில் தோய்த்து முறத்தில் பரப்பிக் காயவைத்தேன். தாள்போல வந்தது, எலி தின்றது. கஞ்சியில் வேப்பெண்ணெய் கலந்தபின் எலி வரவில்லை, ஆனால் தாள் பிசுபிசுத்தது. "ஏன் டீச்சர், இதுக்கு ஒரு மெத்தையைத் தைச்சுப் படுத்திரலாமே" என்றார் பக்கத்தில் காய் உடைக்கிற அக்கா. பஞ்சு எந்தப் பதத்தில் பறக்கும், எந்தப் பதத்தில் அடங்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான் படித்த எந்தக் கல்லூரியிலும் அதற்குப் பாடம் இல்லை.

பறக்கும் பஞ்சு மூக்கில் போகும். அந்தப் பெண்கள் முந்தானையை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள், ராத்திரி வீட்டில் இருமுகிறார்கள். இலவு காத்த கிளியை நினைத்து நம் மொழி இத்தனை காலம் பரிதாபப்பட்டிருக்கிறது. காய் வெடித்தால்தான் அன்றைய கூலி என்று மரத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பழமொழி கிடையாது.

அந்த இருமலைத்தான் நான் செய்தேன். பிரித்த மெத்தை உறைகள், அவற்றின் வாயில் கட்டிய முந்தானைத் துணிகள், உள்ளே ஓடும் தூசும் நீக்காத பஞ்சு. ஒரு நகரத்துக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். பக்கத்துச் சுவரில் ஒட்டிய குறிப்பில் "தாய்மையின் மென்மை" என்று எழுதியிருந்தது. பஞ்சு மென்மை, பெண் மென்மை, கணக்கு முடிந்தது. நுரையீரல் பற்றிய வேலை இது என்று நான் சொன்னபோது, "பார்வையாளருக்கு அது கனமாக இருக்கும்" என்றார்கள்.

பெண் கைபட்ட பொருளை மென்மையென்றோ கைவேலையென்றோ ஒதுக்குவது பழைய பழக்கம். 1966இல் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் விற்ற பணம்தான் அவர்கள் வரைவதற்கு ஆதாரமாக இருந்தது. பெரிய காரியம், மறுக்கவில்லை. அனிலா ஜேக்கப், அர்னவாஸ் போன்ற பெண்களும் அங்கே இருந்தார்கள். ஆனாலும் அந்தக் கதையில் கைவினை கலைஞனுக்கு விடுதலை தந்த வழியாகிறது. எங்கள் ஆண்டிபட்டிப் பக்கம் தறி வீடுகளில் தார் சுற்றுகிற பெண்ணின் கைவினைக்குப் பெயர் வேறு: வீட்டுக்காரருக்கு ஒத்தாசை.

பணிக்கர் முதல்வராக இருந்த அதே சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் வரையாமல் போன படங்களுக்கு உந்துதல் குறைவா காரணம்?

சணல் கயிற்றைத் தறியில்லாமல் கையாலேயே முடிச்சுப் போட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்த மிருணாளினி முகர்ஜியை வெகுகாலம் கைவினைப் பக்கமே தள்ளிவைத்தார்கள். அவர் 2015இல் இறந்தார்; நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது 2019இல். ஷீலா கவுடா 1990களில் ஓவியத்திலிருந்து சாணத்துக்கு வந்தார். 1998இல் ஊசிகளில் நூல் கோத்து, குங்குமமும் பசையும் சேர்த்துக் கயிறாக்கித் தொங்கவிட்டார். கயிற்றின் நுனியில் ஊசிகள் கொத்தாக நிற்கும். அதன் முன்னால் நின்று மென்மை என்று சொல்ல ஆளுக்குத் தைரியம் வேண்டும். சென்னையிலிருந்து பெனிதா பெர்சியாள் சாம்பிராணியிலும் பட்டை, கிராம்பிலும் உருவங்கள் செய்து 2014 கொச்சி பினாலேயில் வைத்தார். வாசனைப் பொருள் என்றதும் எனக்கு ஏலக்காய் ஞாபகம் வருகிறது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி, இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் ஞாபகம் வருகிறார்கள். போடி ஏலத்தில் காயின் பருமனுக்கு விலை உண்டு, நிறத்துக்கு விலை உண்டு.

எனவே இதைப் படிக்கிற மாணவிகளிடம் சொல்கிறேன்: கலைஞரைப் பேட்டி எடுக்கப் போனால் உந்துதலை விட்டுவிடுங்கள். வாடகை யார் கொடுக்கிறார்கள், குழந்தையை யார் பார்க்கிறார்கள், உடன் வேலை செய்தவர்களுக்கு என்ன கூலி, அவர்கள் பெயர் சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். என் வேலையில் பஞ்சு பிரித்துத் தந்தவர்கள் நான்கு பேர். கொட்டகையில் என்ன தினக்கூலியோ அதற்குக் குறையாமல் கொடுக்கிறேன். அதிகம் கொடுக்க என்னிடம் இல்லை, அந்தக் கூலி நியாயமானது என்றும் சொல்ல மாட்டேன். அவர்கள் பெயரைக் குறிப்பில் போடச் சொன்னபோது இடம் போதாது என்றார்கள். தாய்மைக்கு இடம் இருந்தது.

இந்தக் கட்டுரையில் அந்த நால்வரின் பெயர் இல்லாததற்குக் காரணம் அவர்களே. தூசியைப் பற்றியும் எழுதுகிறாயா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். "அப்ப பொஸ்தகத்துல வேணாம் டீச்சர், மொதலாளி படிச்சாலும் படிப்பாரு. செவுத்துல போடுங்க, மெட்ராஸுக்கு அவரு வர மாட்டாரு." அடுத்த கண்காட்சிக்கு அழைத்தவர்களுக்கு நிபந்தனை எழுதிவிட்டேன்: ஐந்து பெயர், ஒரே அளவு எழுத்து. போடியிலிருந்து சென்னைக்கு நான்கு பேருக்குப் போகவர டிக்கெட், இரண்டு நாள் கூலி. திறப்பு விழாவன்று காலையில் முதலில் அவர்கள் உள்ளே வருவார்கள்.