நான் வகுப்பில் சொன்ன ஒரு தவறு



நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. 1997 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் வென்ற டைகர் உட்ஸ். கீழே, "திறமை இருந்தால் எந்தக் கதவும் திறக்கும்" என்று ஒரு வரி. பலர் கைதட்டியிருந்தீர்கள். குற்றம் உங்களுடையது அல்ல. இதே வரியை வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். இன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

21 வயதில், 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார் உட்ஸ். மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு முன் இருந்த கறுப்பின வீரர்களுக்குத் திறமை இல்லையா?

சார்லி சிஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் வெள்ளைக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தபடியே ஆட்டம் கற்றவர். கறுப்பின வீரர்களுக்கான தேசியப் போட்டியில் 1952 முதல் 1956 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியன். ஆனால் தொழில்முறை வீரர்களின் சங்கமான பி.ஜி.ஏ., "வெள்ளையர் மட்டுமே உறுப்பினர்" என்று தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. 1952-ல் ஃபீனிக்ஸ் போட்டியில் ஆட அனுமதி கிடைத்தது. முதல் குழியில் மனித மலத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். இதுதான் திறமைக்குக் கிடைத்த வரவேற்பு.

அந்த விதி 1961 நவம்பரில் நீங்கியது. யாருடைய மனமும் தானாக மாறிவிடவில்லை. பில் ஸ்பில்லர் என்ற வீரர் 1948-ல் தகுதி பெற்றும் ரிச்மண்ட் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். சக வீரர்கள் இருவருடன் சேர்ந்து வழக்குப் போட்டார். இனிப் பாகுபாடு காட்ட மாட்டோம் என்ற உறுதியை நம்பி வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். சங்கமோ, போட்டிகளுக்கு "அழைப்புப் போட்டி" என்று பெயரை மாற்றியது. அழைப்பு இல்லை, ஆகவே இடமும் இல்லை! ஸ்பில்லர் விடவில்லை. அவருடைய முறையீடு கடைசியில் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் ஸ்டான்லி மாஸ்க்கிடம் போனது. இந்த விதி இருக்கும்வரை எங்கள் மாநிலப் பொது மைதானங்களில் ஆட முடியாது என்றார் அவர். அதன் பிறகுதான் சங்கம் இறங்கி வந்தது.

அப்போது ஸ்பில்லருக்கு 48 வயது. ஆடவேண்டிய காலம் போய்விட்டது. சிஃபோர்டுக்கு 39. அதன் பிறகும் அவர் 1967-ல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸிலும் வென்றார். ஆனாலும் மாஸ்டர்ஸிலிருந்து ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. அங்கே ஆடிய முதல் கறுப்பினத்தவர் லீ எல்டர். ஆண்டு 1975. அந்தப் போட்டி நடக்கும் அகஸ்டா கிளப் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990-ல்தான்.

"சார், பிள்ளைகளின் நம்பிக்கையைக் குலைக்காதீர்கள்" என்று சிலர் சொல்வீர்கள். உழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிஃபோர்டைவிட உழைத்தவர் யார்? ஆனால் "திறமை இருந்தால் போதும்" என்று சொல்லும்போது, வெளியே நிறுத்தப்பட்டவனைப் பார்த்து "உனக்குத் திறமை போதவில்லை" என்றும் சேர்த்தே சொல்கிறோம். கதவைப் பூட்டியவன் தப்பித்துக்கொள்கிறான்.

ஆகவே, ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் இருக்கும் என் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நன்றாகப் படித்த, நன்றாக ஆடிய பிள்ளை வாசலில் நிற்கக் கண்டால், "நீ இன்னும் முயற்சி செய்" என்று சொல்லுமுன் பூட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உட்ஸ் படத்தைப் பகிரும்போது ஸ்பில்லரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்