பழைய மின்வாசிப்பான் வாங்குமுன் ‘கொ’வைப் பாருங்கள்

கரோசலில் ‘கிண்டில்’ என்று தட்டிப் பாருங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும். “வாங்கியதோடு சரி, அதிகம் பயன்படுத்தவில்லை” என்று விற்பவர்கள் எழுதியிருப்பார்கள். நம்பலாம். நிறையப் படிக்கப் போகிறோம் என்ற ஆசையில் வாங்கி, இரண்டு அத்தியாயத்தோடு இழுப்பறையில் போட்டுவிடுபவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. குறைந்த விலைக்கு நல்ல கருவி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

முதலில், யாருக்காக வாங்குகிறீர்கள்? எம்ஆர்டியில் ஆங்கில நாவல் படிக்கும் இளையருக்கு ஏறக்குறைய எந்த மாடலும் போதும். பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாமல் புத்தகத்தையே ஒதுக்கிவிட்ட அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ என்றால் கதை வேறு. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம் என்பதுதான் அவர்களுக்கு இந்தக் கருவியால் கிடைக்கும் பெரிய பயன். அது தமிழிலும் நடக்க வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் வரும். கணினி இதைச் சேமிக்கும்போது ககரம்தான் முதலில் நிற்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது கருவியின் வேலை. அது தெரியாத கருவியில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் மட்டும் தெரியும். அதில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது.

நேரில் பார்க்கப் போகுமுன் விற்பவருக்கு ஒரு தமிழ் ‘இபப்’ கோப்பை அனுப்புங்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதைத் திறந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும். விற்கும் எண்ணம் உள்ளவர் இந்தச் சின்ன வேலையைச் செய்வார்.

பெயர் ஒன்று, ஆண்டு வேறு

விளம்பரத்தில் ‘கிண்டில் பேப்பர்ஒயிட்’ என்று மட்டும் இருந்தால் எந்த ஆண்டு மாடல் என்று கேளுங்கள். அமேசானின் கிண்டில் கடைக்குத் தமிழ் நூல்கள் வந்ததே 2016 டிசம்பரில்தான். அதற்கு முந்திய மாடல்களைத் தமிழுக்காக வாங்குவதாக இருந்தால் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

2018 பேப்பர்ஒயிட்டில் 6 அங்குலத் திரை. தண்ணீர் பட்டாலும் தாங்கும். ஆனால் சார்ஜ் செய்யப் பழைய மைக்ரோ யுஎஸ்பி கம்பி வேண்டும். 2021 மாடலில் திரை 6.8 அங்குலம், யுஎஸ்பி-சி, வெளிச்சத்தை இளமஞ்சளாக மாற்றும் வசதி ஆகியவை உண்டு. இரவில் படிப்பவருக்குக் கூடுதல் வெள்ளி கொடுக்கலாம்.

சாதாரண கிண்டிலில் இன்னும் கவனம் தேவை. 2019 மாடலின் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள்தான். 2022 மாடலில் 300. நம் எழுத்துகளில் சுழியும் புள்ளியும் அதிகம் என்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

கோபோ கருவிகளையும் ஒதுக்க வேண்டாம். 2018 கிளாரா ஹெச்டியிலேயே இளமஞ்சள் வெளிச்சம் இருந்தது. 2021 லிப்ரா 2-இல் பக்கம் திருப்பப் பொத்தான்கள் உண்டு. திரையைத் தொட்டுத் தடுமாறும் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. கோபோவில் நமக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவையும் சேர்க்கலாம். ஆனால் ‘கொ’ சோதனை இதற்கும் பொருந்தும்.

தேசிய நூலக வாரியத்தின் மின்நூல்களை லிப்பி செயலியில் இரவல் பெறுபவரா நீங்கள்? அவற்றைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. கோபோவில் நூலக இரவலுக்கான ஓவர்டிரைவ் வசதி கருவிக்குள்ளேயே இருக்கிறது. விற்பவர் முன்னிலையிலேயே உங்கள் நூலகக் கணக்கை இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

சேமிப்பிடத்துக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். படங்கள் இல்லாத நாவல் ஒன்று சில எம்பிதான். 8 ஜிபி கருவியே ஒரு வீட்டு நூலகத்தைத் தாங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களைப் படிக்கத்தான் கருவி தேடுகிறீர்கள் என்றால், 6 அங்குலத் திரை வேண்டாம். அவை அச்சுப் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்தவை. பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் நகரும். வரிகள் மடங்கி வராது. அதற்கு வீட்டில் சும்மா கிடக்கும் டேப்லெட்டே மேல்.

கைமாறும் நேரத்தில்

விற்பவரின் கணக்கை உங்கள் முன்னிலையில் நீக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கைத்தொலைபேசி இணையத்தில் இணைத்து, உங்கள் கணக்கில் பதிவு செய்யுங்கள். தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ புகார் உள்ள கிண்டிலைப் பதிவு செய்ய அமேசான் மறுக்கலாம். நிழலான இடத்தில் நின்று விளக்கைக் கூட்டிக் குறைத்துத் திரையில் கோடோ கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். முந்திய பக்கத்தின் மெல்லிய நிழல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இ-இங்க் திரையின் இயல்பு அது. சார்ஜ் கம்பியைச் செருகி மின்சாரம் ஏறுகிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி தேய்ந்திருந்தால் வாரக்கணக்கில் தாங்க வேண்டியது சில நாளில் இறங்கிவிடும்.

பெரியவருக்கு வாங்கியிருந்தால், வெறும் கருவியாகக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவருக்குப் பிடித்த பத்து நூல்களை ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, முதல் நூலின் முதல் பக்கத்தைத் திறந்துவைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே கருவி கரோசலுக்குத் திரும்பிவிடும்.